பூர்தோனின் வளைந்த குழாய்

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ஆயில் பிரஷர் மீட்டரைத் தனியாக வாங்கிப் பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். குழாய் வைத்த அந்த மீட்டர் பாரிஸ் நகரத்துச் சரக்கு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'மனோமெத்ர்'.

எழேன் பூர்தோன் என்ற பொறியாளர் 1849-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி இயந்திரத்துக்காகச் சுருட்டிய குழாய் ஒன்று நசுங்கிவிட்டது. ஒரு முனையை அடைத்து உள்ளே தண்ணீரை அழுத்திச் செலுத்தினார். குழாய் உப்பியது, சுருளும் கொஞ்சம் பிரிந்தது. அந்த அசைவை ஒரு முள்ளோடு இணைத்தார், அவ்வளவுதான். அதுவரை பாதரசக் குழாய்கள். குலுங்கி ஓடும் ரயில் இஞ்சினில் அதை வைத்து யார் மாரடிப்பது!

பிற்காலத்தில் கார்க் கம்பெனிகள், காசு மிச்சம் என்று, முள்ளுக்குப் பதில் சிவப்பு விளக்கு வைத்தன. அழுத்தம் அடிமட்டத்துக்குப் போன பிறகே அது எரியும். அதற்குள் பேரிங் போயிருக்கலாம். முள்ளோ நாளுக்கு நாள் இறங்குவதைக் காட்டிக்கொடுக்கும். விளக்கின் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு 'டி' இணைப்பு போட்டால் இரண்டும் வேலை செய்யும். ஆயில் குழாய் சைலன்சர் பைப்பில் மட்டும் படக்கூடாது.

கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் பழைய வகை மீட்டரிலும், குமிழிலுள்ள திரவம் ஆவியாகி அழுத்துவது இதே பூர்தோன் குழாயைத்தான்.