பழ ஈ அறிவது பாக்டீரியாவையா, அதன் சுவரையா?

பூச்சியினங்களுக்கு நம்மைப்போல் எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் வெள்ளணுக்கள் இல்லை. குறிப்பிட்ட ஒரு கிருமிக்கெனத் தனியே பழக்கப்பட்டு, மறுமுறை அதனைக் கண்டமாத்திரத்தில் பெருகி எழும் அணுப்படையும் இல்லை. அங்ஙனமிருக்க, அழுகிய பழத்திலே பிறந்து, அதிலேயே உண்டு, ஆயுள் முழுவதும் நுண்ணுயிர்களின் நடுவே சஞ்சரிக்கும் பழ ஈயானது, தன் சரீரத்துள் பாக்டீரியா புகுந்துவிட்டது என்பதை எவ்விதம் உணர்கிறது? கிராம் நேர் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் ‘டோல்’ என்னும் வழியும், கிராம் எதிர் பாக்டீரியாவை ‘இம்டி’ என்னும் வழியும் கண்டுகொள்கின்றன என்று பாடநூல்கள் ஓர் அட்டவணையிட்டு விடை கூறிவிடுகின்றன. இவ்விடை முழுதும் பொய்யன்று. ஆயினும் 1884இல் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிராம் வகுத்த சாயப் பரீட்சையின் பிரிவினையை ஈயின் தலையில் ஏற்றி வைப்பது பொருந்தாது என்பதும், ஈ அறிவது பாக்டீரியச் சுவரின் ரசாயனத்தையே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இத்துறையின் நவீன வரலாறு ஸ்டாக்ஹோமில் தொடங்குகிறது. ஹான்ஸ் போமன் என்பாரும் அவருடைய சகாக்களும் செக்ரோப்பியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களை, அவை குளிர்கால உறக்கத்தில் கிடக்கும் காலத்திலே எடுத்து, அவற்றினுள் பாக்டீரியாவைச் செலுத்தினர். உறங்கும் புழுவில் ஏனைய புரத உற்பத்தி அநேகமாக ஓய்ந்திருக்குமாதலால், தொற்றுக்கு மறுமொழியாகப் புதிதாகத் தோன்றும் புரதங்கள் மட்டும் தெளிவாகப் புலப்பட்டன. அவற்றினின்று பிரித்தெடுக்கப்பட்டதே, 1981இல் வெளியிடப்பட்ட செக்ரோப்பின் என்னும் கிருமிக்கொல்லி. ஆயுதம் இன்னதென்று தெரிந்தது. அதனை எடுக்குமாறு ஏவியது எது என்பது தெரியவில்லை.

ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ழூல் ஹாஃப்மன் ஆய்வகத்தில் புருனோ லெமேத்ர் முதலியோர் 1995இல் இம்டி மரபணுவையும், 1996இல் டோலின் பங்கையும் வெளிப்படுத்தினர். டோல் செயலற்ற ஈயொன்று ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையால் மாண்டு, அதன் உடலெங்கும் பூஞ்சையிழைகள் முளைத்துப் படர்ந்திருந்த காட்சி உயிரியலார் பலருக்கும் பரிச்சயமானது. இந்த வழியில் வந்த ஆராய்ச்சிக்காக 2011இல் ஹாஃப்மன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் பலர் கவனியாது விடும் விஷயம் ஒன்றுண்டு. மனித உடலில் டோலின் உறவினப் புரதங்கள் கிருமியின் பதார்த்தங்களையே நேரிற் பற்றுகின்றன. ஈயின் டோலோ, உடல்திரவத்தில் வெட்டுண்டு பக்குவமான ஸ்பாட்ஸ்லே என்னும் ஈயின் சொந்தப் புரதத்தையே பற்றுகிறது. ஆகவே டோலைக் கண்டது, அறிகருவியைக் கண்டதாகாது.

மெய்யான அறிகருவி பட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது. பட்டுப்புழுவின் உடல்திரவத்தில் பாக்டீரியச் சுவரின் பெப்டிடோகிளைக்கான் சிறிது கலந்தால் திரவம் கறுத்துவிடும். இக்கறுப்புக்கு மூலமான புரதத்தைத் தேடிச் சென்ற ஜப்பானிய அறிஞர் அஷிடாவின் குழுவினர், பெப்டிடோகிளைக்கானைப் பற்றும் புரதத்தை 1996இல் தூய்மையாகப் பிரித்தனர். 1998இல் அதே குடும்பப் புரதங்கள் சுண்டெலியிலும் மனிதரிடத்தும் உளவென்று ஸ்வீடன் நாட்டு ஸ்டெய்னர் குழு காட்டிற்று. பழ ஈயில் இக்குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் 13. அவற்றுள் ஒன்றாகிய பிஜிஆர்பி‑எஸ்ஏ பழுதுற்ற ஈக்கள் பூஞ்சையைச் சமாளித்தும் சிலவகைப் பாக்டீரியாக்களால் மடிந்தன என்பது 2001இல் தெரியவந்தது. அந்தப் பழுதுக்கு, கைகழுவும்படி வியன்னா மருத்துவர்களிடம் மன்றாடிய ஸெம்மல்வைஸின் பெயரையே சூட்டினர்.

இனி விவாதத்தின் மையத்துக்கு வருவோம். பெப்டிடோகிளைக்கான் என்பது இருவகைச் சர்க்கரைகள் மாறி மாறித் தொடுத்த நீண்ட இழைகளைக் குறும் பெப்டைடுகள் குறுக்கே பிணைத்த வலை. அப்பெப்டைடின் மூன்றாம் இடத்தில் அநேக பாக்டீரியாக்களில் லைசினோ, டைஅமினோபைமெலிக் அமிலமோ இருக்கும். இவ்விரண்டுக்கும் பேதம் ஒரேயொரு கார்பாக்ஸில் தொகுதி. இம்டி வழியைத் தூண்டும் பிஜிஆர்பி‑எல்இ, பிஜிஆர்பி‑எல்சிஎக்ஸ் ஆகிய புரதங்களில் ஓர் ஆர்ஜினின் அந்தத் தொகுதியைப் பிடித்துக்கொள்கிறது. லைசின் வகைச் சுவர் டோலைத் தூண்டுகிறது. கிராம் எதிர் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் டைஅமினோபைமெலிக் வகையின ஆதலாற்றான் பாடநூல் அட்டவணை ஓரளவு பலிக்கிறது. ஆனால் பாசில்லஸ், லிஸ்டீரியா ஆகியவை சாயப் பரீட்சையில் கிராம் நேர். சுவரிலோ டைஅமினோபைமெலிக் அமிலம் உடையவை. 2003இல் லெமேத்ர் குழு வெளியிட்ட சோதனைகளில், பாசில்லஸின் பெப்டிடோகிளைக்கான் இம்டி வழியையே எழுப்பிற்று. அட்டவணை இங்கே முறிந்துபோகிறது.

மறுபுறம், கிராம் எதிர் பாக்டீரியாவின் தனி அடையாளமாகிய லிப்போபாலிசாக்கரைடே ஈயை எழுப்புவது என்று முன்னர் பலர் நம்பினர். மனிதரிடத்து அதுவே உண்மையாதலின் நம்பிக்கை இயல்பானதே. கடையில் வாங்கிய லிப்போபாலிசாக்கரைடு ஈயைத் தூண்டவும் செய்தது. அந்தச் சரக்கில் கலந்திருந்த பெப்டிடோகிளைக்கானை நீக்கித் தூய்மையாக்கிய பின் தூண்டுதல் அற்றுப்போயிற்று. ஆண்டுக்கணக்கில் ஒரு தவறான அபிப்பிராயத்தை நிலைநிறுத்தியது புட்டியின் அசுத்தமே என்பதை ஆய்வு மாணாக்கர் மறவாதிருப்பது நன்று.

சுவரே அடையாளமெனில், குடலில் எந்நேரமும் பாக்டீரியா குடியிருக்க, ஈ ஓயாமல் போரிட வேண்டாவோ என்ற ஆட்சேபம் எழும். இங்குதான் இம்முறையின் நுட்பம் தெரிகிறது. கிராம் எதிர் பாக்டீரியா வளர்ந்து பெருகுகையில் சுவரிழையின் முனைத்துண்டு ஒன்று கழன்று வெளிப்படும். கக்குவான் இருமல் கிருமியிடம் முன்பே நஞ்சென அறியப்பட்ட இத்துண்டு, இம்டியைத் தூண்டுவதில் வல்லது. ஈ அதனைப் பிஜிஆர்பி‑எல்பி என்னும் நொதியால் வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. சிறிதளவு வந்தால் வெட்டுண்டு மறையும். வெட்டுக்கு மிஞ்சி வந்தாலே அலாரம் ஒலிக்கும். எனவே நடைபெறுவது இருப்பு‑இன்மைத் தீர்மானமன்று, அளவைத் தீர்மானம்.

சுவரை மட்டுமே ஈ அறியும் என்று நாம் சாதிக்கவில்லை. கிருமிகள் சுரக்கும் புரதச்சிதைவு நொதிகள் பெர்செபோன் என்னும் ஈயின் புரதத்தை வெட்டுவதாலும் டோல் எழுகிறது. அது கிருமியின் உருவத்தையன்று, அதன் அட்டூழியத்தை அறிவது. ஆயினும் இவ்வழியும் கிராம் பிரிவினைக்குக் கட்டுப்படாமையின், நம் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது.

பழ ஈயில் நிரூபணமானதை எல்லாப் பூச்சிகளுக்கும் விரித்துரைப்பதிலும் நிதானம் வேண்டும். 2010இல் மரபுத்தொகுதி வெளியான பட்டாணி அசுவினியில் பெப்டிடோகிளைக்கானைப் பற்றும் புரதங்களும் இல்லை, இம்டி மரபணுவும் இல்லை. அதுவோ புக்னேரா என்னும் கூட்டுவாழ் பாக்டீரியாவைத் தன் உடற்செல்களிலேயே சுமந்து திரியும் பூச்சி. ஆதலின் பாடநூல் எழுதுவோர் இரண்டு திருத்தங்களைச் செய்வார்களாக: அட்டவணையின் தலைப்பில் ‘கிராம் நேர், எதிர்’ என்பதை நீக்கி ‘லைசின் வகை, டைஅமினோபைமெலிக் வகை’ என்று இடுக, ‘பூச்சிகளில்’ என்னுமிடத்தில் ‘பழ ஈயில்’ என்று எழுதுக.