கழிக்க மட்டுமே தெரிந்த கணிப்பொறி

இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. மனக்கணக்கில் நொடியில் முடிகிற காரியம்தான். ஆனால் கூட்ட வேண்டியது நான் அல்ல. 1948ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கிய 'பேபி' என்னும் கணிப்பொறி. அதன் இயக்கத்தை அப்படியே பாவனை செய்யும் சிமுலேட்டர் ஒன்றை என் கணினியில் நிறுவியிருந்தேன். அது ஜாவாவில் எழுதப்பட்டது. எனவே முதலில் ஜாவாவை நிறுவ வேண்டியிருந்தது. பிறகு திரையில் 32 வரிகள், வரிக்கு 32 புள்ளிகள். பிரகாசமான புள்ளி ஒன்று, மங்கலானது சுழி. அந்தப் பொறியின் நினைவகம் முழுவதும் அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய மின்னணுப் பொறியான எனியாக்கில் புதிய கணக்கைப் போட வேண்டுமானால் கம்பிகளையும் விசைகளையும் மாற்றியமைக்க வேண்டும். அதற்கே நாட்கள் பிடிக்கும். எண்களைப் போலவே கட்டளைகளையும் நினைவகத்தில் வைத்துவிட்டால் அந்தச் சிரமம் இல்லை. ஆனால் அத்தகைய நினைவகம் எங்கே? போர்க்காலத்தில் ரேடார் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஃபிரெட்ரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் ரேடார் திரையாகப் பயன்பட்ட கதோடுக் கதிர்க்குழாயையே நினைவகமாக்கினர். திரையில் பதியும் மின்னூட்டம் நொடிப்பொழுதில் கரைந்துவிடும். ஆகவே ஓயாமல் படித்து ஓயாமல் திரும்ப எழுத வேண்டும். இந்த நினைவகம் நம்பத்தக்கதா என்று சோதிப்பதற்காகவே அவர்கள் ஜெஃப் டூட்டில்லுடன் சேர்ந்து பேபியைக் கட்டினார்கள்.

அதற்குத் தெரிந்த கட்டளைகள் ஏழு. அவற்றுள் கூட்டல் இல்லை. கழித்தல் மட்டுமே உண்டு. ஓர் எண்ணை எடுக்கும்போதும் அதன் எதிர்மறையையே எடுக்கும். எனவே 5, 3 இரண்டையும் கூட்ட இப்படிச் சுற்றிவர வேண்டும்: 5ஐ எடுத்தால் -5 வரும், அதிலிருந்து 3ஐக் கழித்தால் -8, அதை ஒரு வரியில் வைத்துவிட்டு மீண்டும் எடுத்தால் எதிர்மறையின் எதிர்மறையாக 8. போதாக்குறைக்கு அங்கே எண்களை இடப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்: 1, 2, 4, 8 என்று மதிப்பு வலப்புறம் ஏறிச்செல்லும்.

ஒருவழியாக விடை வந்தது. ஆனால் பொறி நிற்கவில்லை. 'நில்' என்ற கட்டளையை எழுத மறந்திருந்தேன். அதற்கப்பால் வெற்று வரிகள்தாமே, தானாக அடங்கிவிடும் என்று எண்ணியிருந்தேன். பேபியில் வெற்று வரி என்று ஒன்று கிடையாது. எல்லாம் சுழியாக உள்ள வரிக்கும் பொருள் உண்டு: சுழியாம் வரியில் குறித்துள்ள இடத்துக்குப் போ. அங்கும் சுழியே இருந்ததால் பொறி தொடக்கத்துக்கே திரும்பி, அதே கூட்டலை முடிவின்றிச் செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான், பல நூல்களில் படித்தும் மனத்தில் தைக்காத ஒன்று விளங்கிற்று. 'ஓடு' என்ற சொல் தனியே நிற்கும்போது பெயரா வினையா என்று யாரால் சொல்ல முடியும்? கூரை மேல் வந்தால் பெயர். ஏவலாக வந்தால் வினை. பேபியின் வரியும் அப்படியே. எண்ணா கட்டளையா என்பது புள்ளிகளில் இல்லை. பொறி அதை எந்த இடத்தில் சந்திக்கிறது என்பதில் இருக்கிறது. நினைவகத்தில் நிரலை வைத்து இயங்கும் இன்றைய கணினிகள் எல்லாம் இந்த இருபொருளின் மீதே நிற்கின்றன.

1948 ஜூன் 21 அன்று கில்பர்ன் எழுதிய நிரல் அங்கே முதன்முதலாகச் சரியாக ஓடியது. ஓர் எண்ணின், அந்த எண்ணைத் தவிர்த்த மிகப் பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடிப்பது கணக்கு; பின்னர் 2,62,144 என்ற எண்ணுக்கு அதை ஓட்டினர். விடை அதில் பாதி, 1,31,072. அது முன்பே தெரிந்ததுதான். ஆனால் பொறி ஒவ்வோர் எண்ணாக இறங்கி, திரும்பத் திரும்பக் கழித்தே வகுத்துப் பார்த்தது. 52 நிமிடங்கள், ஏறத்தாழ 35 லட்சம் செயல்பாடுகள். அவர்கள் காத்திருந்தது விடைக்காக அல்ல. நொடியில் கரையும் அந்தப் புள்ளிகள் அத்தனை நேரமும் பிழையின்றி நிலைத்திருக்குமா என்பதற்காக.

அந்த முதல் நிரலின் மூலப்பிரதி எஞ்சவில்லை. டூட்டில்லின் குறிப்பேட்டில் இருந்த, அடுத்த மாதத்தில் திருத்திய வடிவத்தையும் அவர்களது நினைவையும் கொண்டே பின்னாளில் அதை மீட்டெடுத்தனர். மூல ஓலை அழிந்து, பிற்காலப் படி வழியாகப் பாடத்தைக் கட்டமைக்கும் பதிப்பாசிரியரின் வேலைதான் அதுவும். 1998இல், பொன்விழாவுக்காக மான்செஸ்டரில் மீண்டும் கட்டப்பட்ட பேபியில் அந்த நிரல் ஓடியது.

என் நிரலில் 'நில்' என்ற வரியைச் சேர்த்து மறுபடியும் ஓட்டினேன். 8 வந்தது. பொறி நின்றது.