பழையனூர் நீலியும் மனவடுவும்

மணவூரை அடுத்துள்ள திருவாலங்காடும் அதனை ஒட்டிய பழையனூரும் தமிழிலக்கிய வரலாற்றில் தனியிடம் பெற்றவை. பேயுருவை விரும்பிப் பெற்ற காரைக்காலம்மையார் இருந்து பாடியது ஆலங்காடு. பேயெனத் தூற்றப்பட்ட நீலியின் ஊர் பழையனூர். பழையனூரை ஆலங்காட்டு இறைவற்கு இராசேந்திர சோழன் அளித்தமையைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. எனினும் ஊர்ப்பெயரை மக்கள் நாவில் நிறுத்தியது செப்பேடு அன்று; ஒருத்தியின் கதையே.

அக்கதை பலவாறு வழங்கும். பொதுவாயது இது: கணவனால் கொலையுண்டாள் ஒருத்தி பேயாகின்றாள். மறுபிறப்பில் வணிகனாய்ப் பழையனூர்க்கு வந்த அவனைக் கள்ளிக் கொம்பைக் குழவியாக்கி ஏந்திப் பின்தொடர்கின்றாள். தன்னைக் கைவிட்ட கணவன் அவன் என வேளாளர் அவையில் அழுகின்றாள். அஞ்சிய வணிகனிடம், அவன் உயிர்க்குத் தம் உயிரைப் பிணையாக்கி, அவன் காவலாக வைத்திருந்த கத்தியையும் வாங்கிவிடுகின்றனர் வேளாளர் எழுபதின்மர். விடியலில் வணிகன் பிணமாகின்றான். எழுபதின்மரும் சொற்பிழையாது தீப்பாய்கின்றனர்.

பெருந்துன்பம் உற்ற உள்ளத்தில் அந்நிகழ்ச்சி கடந்த காலமாகி அடங்குவதில்லை. மீண்டும் மீண்டும் நிகழ்காலமாய் வந்து நிற்கும் என்பர் உளநூலார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நிலைக்கு நோய்ப்பெயர் தந்தது 1980-இல்தான். பழங்கதைமேல் புதுநூற் கொள்கையை ஏற்றுவது எமக்கு உடன்பாடன்று. ஆயினும் பிறப்புக் கடந்தும் தொடரும் நீலியில், ஆறாத வடுவின் இயல்பைக் கதை கண்டோர் நன்கறிந்திருந்தனர் என்றே கொள்ளல் வேண்டும்.

அவ்வடு யாருடையது என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது. அம்மையார் தலையால் நடந்த மண்ணை மிதிக்க அஞ்சிய ஞானசம்பந்தர் பழையனூரில் தங்கினார் என்பது சேக்கிழார் வாக்கு. அப்போது எழுந்த பதிகத்திலேயே நீலியின் வஞ்சமும் ஊரார் அச்சமும் இடம்பெறுகின்றன. ஏழாம் நூற்றாண்டிலேயே எஞ்சியது அச்சம் என்பது இதனாற் போதரும். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் சேக்கிழார் புராணத்தில் இதனைக் கூறுங்கால், அச்சம் வேளாளர்தம் வாய்மைப் பெருமையாக மாறிவிடுகின்றது. தொண்டைமண்டல சதகமும் அவ்வழியதே. எழுபதின்மரை இழந்த ஊரின் புண்ணை இலக்கியம் புகழால் ஆற்ற முயன்றது. அது குறையன்று. ஆனால் முதற்கொலை எங்கே போயிற்று? கொலையுண்டவளின் அழுகைக்கு மொழி தந்த இடம் 'நீலிக்கண்ணீர்' என்னும் வழக்கு, பொருளோ, பொய்யழுகை! அவையோர் அவளை நம்பிக் கெட்டனர். மொழியோ இனி எவள் அழுதாலும் நம்பற்க என்று கற்றுக்கொண்டது.

காரைக்காலம்மையார்க்கு இந்நிலை நேரவில்லை. கணவன் அஞ்சி நீங்க, ஊன் உதறிய அவர் தம் பேயுருவைத் தாமே பாடினார்; வற்றிய உடலும் கையில் தாளமுமாய்ச் சிற்பியரும் அவரைத் தொழுகுரிய வடிவாகவே வார்த்தனர். நீலிக்கு அத்தகைய பாட்டு இல்லை.

ஒரு விலக்கு உண்டு. சமண நூலாகிய நீலகேசியில், முனிவரை அச்சுறுத்த ஏவப்பட்ட பழையனூர்த் தெய்வமாகிய நீலி, அவர்பால் அறம் கேட்டு வாதியாகின்றாள். நூலாசிரியர் நோக்கம் சமயமே, ஐயமில்லை. எனினும் அவள் அழாமலும் அச்சுறுத்தாமலும் காரணம் காட்டிப் பேசுவது அந்நூலில்தான். அவள் முதலில் வாதிடச் செல்வதும், தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை மலையினின்று தள்ளித் துறவு பூண்ட குண்டலகேசியிடமே.