சங்கிலி மடங்கும் விதம்: சென்னை வரைபடமும் சூழலுக்கிசைந்த பலபடிகளும்

பாலிமர் எனப்படும் பலபடிகள் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனவை என்று ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எடுத்துரைத்தபோது, அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் பாலிஎத்திலீனும் 'பெட்' என்னும் பாலியெஸ்டரும் தோன்றிவிட்டன. சங்கிலி உண்டா என்ற வினா தீர்ந்தபின், அது எவ்வாறு மடங்கும் என்ற வினா எழுந்தது. அதற்கான விடைகளுள் ஒன்று சென்னையில் உருவானது. அவ்விடையின் பின்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரான ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, இயற்கைப் பலபடியான கொலாஜனின் முச்சுருள் அமைப்பை 1954இல் வெளியிட்டார். அம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கிரிக், ரிச் ஆகியோர் குறை கூறினர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை முறையாக ஆராய அக்குறையே தூண்டுதலாயிற்று. 1963இல் இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் பாலிபெப்டைடு சங்கிலியின் இரு சுழற்சிக் கோணங்களை அச்சுகளாகக் கொண்டு, அணுக்கள் மோதும் நிலைகளை விலக்கி ஒரு வரைபடம் அமைத்தனர். அதன் பெரும்பகுதி விலக்கப்பட்ட பரப்பாக அமைந்தது. சங்கிலி எவ்வடிவங்களைக் கொள்ள இயலாது என்பதைக் கணக்கே முன்கூட்டிக் கூறிற்று. 1965இல் பிரான்ட், ஃப்ளோரி இருவரும் அதே கோணங்களுக்கு ஆற்றல் மதிப்புகளைக் கணித்தனர். ஃப்ளோரியின் 1969ஆம் ஆண்டு நூல் இயற்கைச் சங்கிலிகளையும் செயற்கைச் சங்கிலிகளையும் ஒரே புள்ளியியல் முறையில் ஆராய்ந்தது.

எனினும் வலிமை, நெகிழ்வு, உருகுநிலை ஆகியவற்றை நாடிய அக்காலத் தொழில்துறை, பொருளின் முடிவைக் கேட்கவில்லை. பாலிஎத்திலீனின் முதுகெலும்பு முழுவதும் கரிமப் பிணைப்புகளே. நீர் வெட்டுதற்குரிய இடம் அதில் இல்லை. எஸ்டர் பிணைப்புடைய பாலிலாக்டிக் அமிலம் சிதையும். ஆனால் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகிவிடும். சிதைவும் உறுதியும் ஒருங்கே அமைய வேண்டுமாயின், எண்ணற்ற சேர்க்கைகளை ஆக்குமுன்பே கணினியில் சலித்தெடுத்தல் வேண்டும். இதில் ஓர் இடர் உண்டு. மூலக்கூற்று இயக்கக் கணிப்பு, ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்த கால அளவில் அடியெடுத்து நடக்கிறது. மண்ணில் சிதைவோ மாதங்களையும் ஆண்டுகளையும் கொள்கிறது. ஆகவே சோதனைத் தரவுகளிலிருந்து கற்கும் கணிப்பு முறைகள் இன்றியமையாதனவாயின.

2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெட்டை உண்ணும் நுண்ணுயிரியை அறிவித்தனர். 2022இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் இயந்திரக் கற்றலின் துணையால் அதன் நொதியைத் திருத்தியமைத்தனர். அது பயன்படுத்தப்பட்ட 51 பெட் பொருள்களை ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ முழுமையாகச் சிதைத்தது. அந்நொதியும் ஒரு பாலிபெப்டைடு சங்கிலியே. புரத அமைப்புகளின் செம்மையைச் சோதிக்க உலகெங்கும் இன்றும் பயன்படுவது இராமச்சந்திரன் வரைபடம். மடக்கத்தின் எல்லையைச் சென்னை வரைந்தது. பொருளின் முடிவையும் கணக்கில் கொள்வது இத்தலைமுறையின் கடன்.