ஒலியைக் காத்தவர்கள்

கல்வியைப் போற்றிய வள்ளுவப் பெருந்தகை, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கற்பதைப் போலவே கேட்பதும் ஒரு பயிற்சி என்பதை அவர் அறிந்திருந்தார். அப்பயிற்சியையே தொழிலாகக் கொண்டவர்தாம் ஒலிப்பதிவாளர். பாடகரின் குரலும் வீணையின் நாதமும் தோன்றிய மறுகணமே காற்றில் கரைந்துவிடும் இயல்புடையவை. அவற்றைக் கரையவிடாமல் காத்து, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு அவருடையது.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், மெர்லிமாவுக்கு அருகே உள்ளது செர்காம். அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரமே வாழ்வாக இருந்த நாள்களில், பகலெல்லாம் உழைத்த மக்களுக்கு மாலைப் பொழுதின் துணை வானொலிப் பெட்டி. 1946இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, கடல் கடந்து வந்த பாடல்களை லயத்து வீடுகளின் வாசலுக்கே கொண்டுவந்தது. பாடியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் படத்தின் பெயரையும் அறிவிப்பாளர் சொல்வார். பதிவு செய்தவர் பெயர் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. பெயர் அறியப்படாத அம்மனிதரிடம் அமைந்திருந்த தகுதிகள் யாவை? வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

இந்திய மண்ணில் வணிக முறையில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது 1902இல். கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பதிவான தட்டுகள் அச்சேறுவதற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் செல்லவேண்டும். அங்கே குரலை அடையாளம் காண்பதற்காகப் பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அடுத்த ஆண்டில் கெய்ஸ்பர்க்கின் பயணம் சிங்கப்பூரையும் தொட்டது.

அந்நாளில் மின்சார ஒலிவாங்கி இல்லை. பெரிய கூம்பு ஒன்றின் வாயருகே நின்று பாடவேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். குரல் உச்சத்தை எட்டும்போது பாடகர் சற்றே பின்வாங்க வேண்டும். தாழும்போது நெருங்கி வரவேண்டும். தவறினால் அந்த மெழுகுத் தட்டு வீணே. ஆகவே, எவரை எவ்வளவு தொலைவில் நிறுத்துவது என்னும் அறிவே அன்றைய பதிவாளரின் முதல் மூலதனமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் கால் பகுதி கழிந்து, 1925இல் மின்முறைப் பதிவு வழக்கத்துக்கு வந்தபின் கூம்பு மறைந்தது. அந்த அறிவின் தேவை மறையவில்லை.

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கிற்று. ஆயினும் அப்படம் உருவானது பம்பாயில். தமிழ்ப் படம் எடுப்போர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பயணம் போகவேண்டிய நிலையை மாற்ற முனைந்தவர் ஏ. நாராயணன். அவர் 1934இல் சென்னைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீனிவாசா சினிடோன் என்னும் ஒலிப்படக் கூடத்தை நிறுவி, 'சீனிவாச கல்யாணம்' என்ற படத்தை உருவாக்கினார். சென்னையிலேயே ஒலி சேர்த்து எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் பேசும் படம் அதுவே. அங்கே ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் அவருடைய துணைவியார் மீனாட்சி நாராயணன். இந்தியத் திரையுலகின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. பெண்கள் திரையில் தோன்றுவதையே ஊரார் ஐயத்தோடு நோக்கிய காலத்தில், ஒரு பெண்மணி இயந்திரத்தின் முன் அமர்ந்து ஒலியை ஆண்டார் என்பது எளிய செய்தியன்று.

அவர் முன்னிருந்த இடர்கள் பல. அன்று நடிகர்கள் நடித்துக்கொண்டே பாடவேண்டும். பக்க வாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாதவாறு மறைந்திருந்து வாசிக்க, எல்லா ஒலியும் ஒருங்கே பதிவாகும். நடிகர் முகத்தைத் திருப்பினால் குரல் மங்கும். வாத்தியம் நெருங்கினால் சொல் மூழ்கும். காகம் கரைந்தால் காட்சியே கெடும். அக்காலச் சென்னைப் படக் கூடங்களில் காகங்களை விரட்டவே துப்பாக்கியுடன் ஆள் வைத்திருந்தார்கள் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இவை எல்லாவற்றிலும் பெரிய இடர் ஒன்று உண்டு. ஒலி, படச்சுருளில் ஒளிக்கோடாகவே பதிவாயிற்று. அச்சுருளைக் கழுவி எடுக்கும் வரை பதிவானதைத் திரும்பக் கேட்க வழியில்லை. நன்றாக அமைந்ததா, மீண்டும் எடுக்கவேண்டுமா என்பதை அந்தக் கணத்திலேயே பதிவாளர் தம் செவியை நம்பிச் சொல்லவேண்டும். அத்தகைய நெஞ்சுறுதியே அவருடைய இரண்டாவது தகுதி.

1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் ஏ. வி. மெய்யப்பன் புதிய வழி ஒன்றைக் கையாண்டார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்று பிரித்து, லலிதா வெங்கட்ராமனின் குரலைத் தனியே பதிவு செய்து படத்தில் இணைத்தார். பின்னணிப் பாடல் வேரூன்றியபின் பாட்டுக்கென்றே தனிக் கூடங்கள் எழுந்தன. காந்த நாடா வந்தபின் பதிவானதை உடனே கேட்கவும் முடிந்தது. எனினும் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே வேளையில் இசைக்க, பாட்டு முழுவதும் ஒரே மூச்சில் பதிவாகும் முறை நெடுங்காலம் நீடித்தது. கடைசி அடியில் ஒரு வயலின் பிசகினாலும் அனைவரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பத்தாம் முறை பாடும் குரல் சோர்ந்திருக்கும், மனமும் துவண்டிருக்கும். அவ்வேளையில் சினம் கொள்ளாது, இன்சொல்லால் கலைஞரைத் தேற்றிப் பாடவைப்பவரே சிறந்த பதிவாளர். இயந்திரத்தை அறிவதோடு மனிதரையும் அறிவது மூன்றாவது தகுதி.

1978இல் வெளிவந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோ முறைக்குத் தமிழில் வழி காட்டின. அடுத்துப் பல தடப் பதிவும், அதன்பின் கணினியும் வந்தன. இக்காலத்தின் தலைசிறந்த ஒலிப்பொறியாளராகப் போற்றப்பட்டவர் எச். ஸ்ரீதர். 'ரோஜா' வெளிவந்த 1992இன் பின் ஏ. ஆர். ரகுமானின் இசை உலகை எட்டியபோது, அதன் ஒலித் தெளிவுக்குத் துணை நின்றவர் அவர். 'தில் சே' (1998), 'லகான்' (2001) ஆகிய படங்களுக்காகத் தேசிய விருது பெற்றார். 2008 டிசம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' இசைத் தொகுப்புக்காக 2010இல் கிராமி விருது அவரைத் தேடி வந்தபோது, பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

மீனாட்சி அம்மையாருக்குத் திருத்த வழியில்லை. இன்றைய பதிவாளருக்கோ திருத்தாமல் விட மனம் வருவதில்லை. சுருதி விலகினால் கணினி சரி செய்யும். தாளம் தவறினால் இழுத்துப் பொருத்தும். எல்லாப் பிசிறும் நீங்கியபின் பாட்டில் பாடியவரின் மூச்சே இல்லாமல் போவதும் உண்டு. எதைத் திருத்துவது என்பதை இயந்திரம் கற்றுக்கொடுக்கும்; எங்கே நிறுத்துவது என்பதை அது கற்றுக்கொடுப்பதில்லை. அன்று பதிவை ஏற்பதா என்று கணத்தில் முடிவு செய்த அதே செவிதான் இன்று எங்கே கையை எடுப்பது என்றும் முடிவு செய்யவேண்டும். கருவி மாறியது, கடமை மாறவில்லை.

முப்பதுகளில் வெளிவந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதிகள் இன்று இல்லை. 1939இல் நாராயணன் மறைந்தார்; மீனாட்சி அம்மையாரின் பெயரும் மெல்ல மெல்ல மக்கள் நினைவிலிருந்து நழுவியது. ஒலியைக் காத்தவரின் உழைப்பைக் காப்பதற்கு ஒருவரும் இல்லாமற் போனது தமிழர்க்கு நேர்ந்த இழப்பேயாகும்.

கூடத்தில் அமர்ந்திருப்பவருக்கு வாய்ப்பது உயர்ந்த ஒலிபெருக்கி. ஆனால், அவர் பதிவு செய்யும் பாட்டு செர்காம் போன்ற ஊர்களில், இரைச்சலிடும் சிறு பெட்டியில், களைத்துப்போன ஒருவரின் செவியில்தான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெட்டியிலும் சொல் தெளிந்து குரல் கனிந்து ஒலிக்கவேண்டும் என்று எண்ணிப் பதிவு செய்தவர்களே அத்தொழிலில் நிலைத்தார்கள். முகமறியாத அக்கடைசிச் செவியையும் மறவாமை, எல்லாத் தகுதிகளுக்கும் தலையாய தகுதி.