செத்த காலேஜ், உயிர் காலேஜ், பாம்புப் பண்ணை

பழைய மெட்ராஸ்வாசிகளுக்கு இந்தப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை. எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்' என்று பெயர். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் பெட்டியை இறக்கி வைத்ததும், "ரெண்டு காலேஜையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்பார்கள். என் பாட்டி கடைசி வரை மியூசியம் என்று சொன்னதே இல்லை.

பெயர் வேடிக்கையாக இருந்தாலும் அதில் சரித்திரம் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை. மியூசியம் 1851ல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். பதம் செய்து வைத்த மிருகங்களோடு உயிருள்ள சில மிருகங்களையும் அவர் எழும்பூர் வளாகத்தில் வைத்தார். கூட்டம் அலைமோதியது. ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிச் சேர்த்தார். 1855ல் மிருகக்காட்சி சாலை அங்கேயே உருவாகி, சில வருடங்களில் இடம் போதாமல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. ஆக, உயிரோடு இருந்தவை சென்ட்ரலுக்குப் போயின, செத்தவை எழும்பூரில் தங்கின. ஜனங்கள் வைத்த பெயர் சரிதானே!

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எங்களை உயிர் காலேஜுக்கு நடத்தியே கூட்டிப் போனார்கள். இரண்டு இரண்டு பேராகக் கையைக் கோத்துக்கொண்டு வால்டாக்ஸ் ரோடு முழுக்க நடந்தோம். செலவு காலணா கிடையாது. பட்டாணி வாங்கக் காசு வைத்திருந்தவன் வாங்கினான், இல்லாதவன் பக்கத்துப் பையனிடம் இரண்டு கேட்டான். சிங்கம் கம்பிக்குப் பின்னால் இங்கும் அங்குமாக நடந்துகொண்டே இருந்தது. அது ஏன் அப்படி நடக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வாத்தியார் "பார்த்தாச்சா, நட" என்றார், நடந்தோம். அந்தக் காலத்தில் எக்ஸ்கர்ஷன் என்றால் அவ்வளவுதான்.

பிறகு நானே வாத்தியார் ஆனேன். 1972ல் வடசென்னையில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருடம்தான் ரோமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணை சேலையூரிலிருந்து கிண்டிக்கு வந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே வருடம்தான். பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பால் ஊற்ற வேண்டும் என்று இரண்டே வழி தெரிந்த ஊரில், பாம்பை நின்று பார்க்க ஓர் இடம் வந்தது.

கிண்டியின் கதை பலருக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் வேட்டையாடிய காடு. 1910ல் அதைக் காப்புக் காடாக அறிவித்தார்கள். ராஜ்பவனும் அதன் ஓரத்தில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அதில் ஒரு பெரிய துண்டு ஐ.ஐ.டி.க்குப் போனது, மற்றொரு பக்கம் காந்தி மண்டபம் வந்தது. மிச்சம் இருந்ததை 1978ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. களாச் செடியும் காரைப் புதரும் பனையும் ஆலும் உள்ள வறண்ட காடு. நம் சமவெளி ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்குப் பட்டணத்து நடுவில் இருக்கும் மாதிரி அது. அங்கே வெளிமான் உண்டு. கிடா கறுப்பாக முறுக்குக் கொம்போடு இருக்கும், பெண் மான் பழுப்பாக இருக்கும். இரண்டும் ஒரே ஜாதி என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

1979ல் என் ஏழாம் வகுப்பைக் கிண்டிக்குக் கூட்டிப் போனேன். பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில், கிண்டியில் இறங்கி நடை. சிறுவர் பூங்காவில் புளியோதரை, அப்புறம் பாம்புப் பண்ணை. அங்கே ஒருவர் பாம்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கைத்தான் நம் பக்கத்தில் முக்கியமாகப் பயப்பட வேண்டும் என்றார். சாரைப் பாம்பு எலியைத் தின்று விவசாயிக்கு உபகாரம் செய்கிறது. மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை கிடையாது, வால் மழுங்கி இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று மரமேறிப் பார்க்கும் என்பது கட்டுக்கதை, அதற்கு விஷமே இல்லை. மகுடிக்குப் பாம்பு ஆடுவதில்லை, அசையும் குழாயைத்தான் பார்க்கிறது. முப்பது வயது வாத்தியாரான எனக்கும் இதில் பாதி புதிய செய்தி. அதற்கு முன் எங்கள் தெருவில் ஒரு சாரையைக் கொன்ற கூட்டத்தில் கம்போடு நானும் நின்றிருக்கிறேன்.

உயிர் காலேஜுக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு விளங்கியது. அங்கே பார்த்தோம், இங்கே ஒருவர் சொல்லக் கேட்டோம், எதிர்க் கேள்வி கேட்டோம், திரும்பி வரும்போது ரயிலில் சண்டை போட்டுக்கொண்டோம். அதில் ஒரு பையன், "எங்க ஆயா சொன்னது பொய்யா சார்?" என்று கேட்டுத் தாம்பரம் ரயிலையே சிரிக்க வைத்தான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல.

வகுப்பில் 48 பேர். கிண்டிக்கு வந்தவர்கள் 29. டிக்கெட்டுக்கும் நுழைவுக்கும் சேர்த்துத் தலைக்கு இரண்டரை ரூபாய் வசூலித்தோம். மீதி 19 பேர் அன்றைக்குப் பள்ளியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பணம் கொடுத்தவன் வருகிறான், கொடுக்காதவன் வரவில்லை. எல்லாப் பள்ளியிலும் அதுதான் நடைமுறை.

மறுநாள் வகுப்பு முழுவதற்கும் 'பாம்புப் பண்ணையில் ஒரு நாள்' என்று கட்டுரை கொடுத்தேன். வராதவர்களுக்கு வேறு தலைப்புத் தர வேண்டும் என்று தோன்றவில்லை. நோட்டுகளைத் திருத்தும்போது ஒன்று தனியாக நின்றது. நான்கு விஷப் பாம்பும் வரிசையாக இருந்தன. மண்ணுளிப் பாம்பின் வால், சாரை தின்னும் எலி, மகுடி, எதுவும் விட்டுப்போகவில்லை. பத்துக்கு எட்டரை போட்டேன். அதை எழுதியவனை எழுப்பி நிறுத்தி வகுப்பில் உரக்கப் படித்தேன். "ரயிலில் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது" என்ற வரிக்கு வந்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்.

"சார், இவன் வரவே இல்ல சார்!"

வகுப்பே சிரித்தது. அவன் நின்றுகொண்டிருந்தான். நான் "உட்கார்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. போனவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கேட்டு எழுதியிருக்கிறான். போன 29 பேரில் ஒருவன்கூட அவ்வளவு எழுதவில்லை என்பதையாவது வகுப்பில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுடைய அப்பா ஹார்பரில் மூட்டை தூக்குபவர். மறு வருடம் பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. மூர் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றார்கள். போய்ப் பார்க்க நினைத்தேன். போகவில்லை.

அந்த வருடத்திலிருந்து முதல் எக்ஸ்கர்ஷனை ராபின்சன் பார்க்கில் வைத்தேன். 1949ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் மழையில் நடந்ததே, அதே ராயபுரம் பார்க்தான். நடந்தே போகலாம், காசு வேண்டாம், வகுப்பு முழுவதும் வரும். ஆளுக்கு ஒரு மரத்தைக் கொடுத்து, பத்து நிமிடம் பேசாமல் அதையே பார் என்பேன். தையல்சிட்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்ததை அப்படித்தான் பார்த்தோம். ஓணானைக் கண்டதும் கல்லைத் தேடும் கைகள் சும்மா இருக்க இரண்டு மூன்று நடை ஆனது. 'பார்க்கைச் சுற்றிக் காட்டி எக்ஸ்கர்ஷன் என்று பெயர் பண்ணுகிறான்' என்று ஸ்டாஃப் ரூமில் கேலி பேசினார்கள். பேசட்டும்.

கிண்டியையும் விடவில்லை. அதற்கு ஒரு பால் பவுடர் டப்பாவின் மூடியில் துளை போட்டு மேஜையில் வைத்தேன். முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம், யார் எவ்வளவு என்று எழுதிக்கொள்ள மாட்டேன். ஒரு வருடம்கூடக் கணக்குச் சரியாக வந்ததில்லை. குறைந்ததை நானும் ட்ராயிங் மாஸ்டரும் போட்டுக்கொள்வோம். ஒரு முறை டப்பாவில் ஒரு சட்டைப் பொத்தான் கிடந்தது. காசு விழும் சத்தம் கேட்க வேண்டும் என்று எவனோ போட்டிருக்கிறான்.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலையில் வண்டலூர் திறந்தார்கள். உயிர் காலேஜ் அதோடு சென்ட்ரலை விட்டுப் போனது. வண்டலூரில் இடம் அறுநூறு ஹெக்டேர். இரும்புக் கூண்டுக்குப் பதில் அகழி. அங்கே சிங்கம் படுத்துத் தூங்குவதைப் பார்த்தபோதுதான் பழைய சிங்கம் ஏன் ஓயாமல் நடந்தது என்று எனக்கு உறைத்தது. ஆனால் வண்டலூர் தூரம், பஸ் பிடிக்க வேண்டும், டப்பா தாங்கவில்லை. 1991ல் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2001ல் தேசிய பசுமைப் படை வந்து பள்ளிகளில் மன்றம் அமைத்தார்கள். பொறுப்பு என் தலையில் விழுந்தது. மரம் நட்டோம், ஊர்வலம் போனோம், பதிவேடு எழுதினோம். பதிவேடுதான் அதிகம்.

2006ல் ஓய்வு பெற்றேன். டப்பாவை அடுத்து வந்த ஆசிரியையிடம் கொடுத்து விவரம் சொன்னேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

போன மாதம் பேத்தியின் பள்ளியிலிருந்து கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம் என்று சுற்றறிக்கை வந்தது. பூங்காவை 2024ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். ஏசி பஸ், மதியச் சாப்பாடு, தொப்பி எல்லாம் சேர்த்து ஒரு தொகை போட்டிருந்தார்கள். மருமகள் போனிலேயே கட்டிவிட்டாள். போய்விட்டு வந்த பேத்தியிடம், "உன் வகுப்பில் எத்தனை பேர் வரலை?" என்று கேட்டேன்.

"நாலு பேர் தாத்தா. ஏன்?"

"அவங்க பேர் தெரியுமா?"

யோசித்து மூன்று பெயர் சொன்னாள்.