சிவப்பு மரகதம்

மோசமான எழுத்தைப் பார்த்துச் சிரிப்பது விமர்சனக் காரியம்தானா? சிரித்தவர்கள் பெரும்பாலும் நல்ல எழுத்தாளர்களாக இருந்துவிட்டதாலோ என்னவோ, இந்தக் கேள்வி சரியாக எழுப்பப்படாமலே போயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டில், சி. எஸ். லூயிஸின் கல்லூரி அறையில், 1930களிலும் 40களிலும் ஒரு நண்பர் குழு கூடியது. இன்கிளிங்ஸ் என்று பெயர். டோல்கீன் அதில் ஒருவர். எழுதிக்கொண்டிருப்பதை உரக்க வாசிப்பதும், கேட்டவர்கள் தாட்சண்யமின்றி அபிப்பிராயம் சொல்வதும் அங்கே வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. அயர்லாந்தின் லார்ன் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்த அமான்டா மக்கிட்ரிக் ராஸின் எழுத்தை எடுத்து, சிரிக்காமல் யார் அதிக நேரம் வாசிக்கிறார் என்று போட்டி வைத்துக்கொள்வார்கள். ராஸின் முதல் நாவல் 1897இல் கணவரின் செலவில் வெளிவந்தது. கண்ணைக் கண் என்று சொல்ல அவருக்கு மனம் வராது. மோனை கிடைத்துவிட்டால் அர்த்தத்தை விட்டுவிடுவார். ஆனால் திருப்பி அடிக்கத் தெரிந்தவர். 1898இல் பாரி பெய்ன் கேலி செய்தபோது, அடுத்த நாவலின் முன்னுரையிலேயே அவரை வைதார்.

அந்த அறையில் சிரித்தவர்களும் அப்பழுக்கற்றவர்கள் அல்ல. லூயிஸ் 1950இல் வெளியிட்ட முதல் நார்னியா நாவலில், ஒரு சூனியக்காரியின் சாபத்தால் நூறு வருஷம் ஓயாத பனிக்காலம். ஆனால் வந்த குழந்தைகளுக்கு நீர்நாய்த் தம்பதி வேகவைத்த உருளைக்கிழங்கு பரிமாறுகிறார்கள். எந்த வயலில் விளைந்தது? வீட்டில் தையல் மெஷின் வேறு. ரோமானியப் புராணத்து ஆட்டுக்கால் மனிதனும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒரே கதையில் நடமாடுகிறார்கள். இந்தக் கலவை டோல்கீனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய ஹாபிட்டிலும் (1937), ஐரோப்பாவின் ஆதிகாலத்தை நினைவூட்டும் அந்த உலகத்தின் சமையலறையில், அமெரிக்காவிலிருந்து வந்த தக்காளி இருந்தது. 1966 பதிப்பில்தான் அதை எடுத்துவிட்டு ஊறுகாயை வைத்தார்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஹாபிட்டின் முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்ற கொல்லம் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகவே சொல்லியிருந்தான். பின்னால் எழுந்த பெரிய நாவலில் அந்த மோதிரம் யாரும் மனமுவந்து கொடுக்க இயலாத பொருளாகிவிட்டது. டோல்கீன் அத்தியாயத்தைத் திருத்தினார். 1951இல் புதிய பதிப்பு வந்தது. பழைய வடிவத்தை அவர் மறைத்துவிடவுமில்லை. அது பில்போ சொன்ன பொய் என்று ஆக்கினார். மோதிரம் வந்த கணத்திலேயே அந்த நல்ல மனிதனையும் பொய் சொல்ல வைத்துவிட்டது என்று ஆயிற்று. ஒரு பிழை கதையின் ஆழமாக மாறியது.

லூயிஸ் தன்னுடையதைத் திருத்தவில்லை. உருளைக்கிழங்கு இன்றும் இருக்கிறது. அதைப் படித்துச் சிரிப்பவர் யாருமில்லை. பனியில் நடந்து வந்த குழந்தைகளின் பசி அந்தப் பக்கத்தில் நிஜமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே தகவல் பிழை நம்மைச் சிரிக்க வைப்பதில்லை. எழுதுகிறவன் பார்ப்பதை நிறுத்திவிட்டு, சொல்லை மட்டும் போட்டுக்கொண்டே போகும் இடத்தில்தான் சிரிப்பு வருகிறது.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒரு பள்ளி வயதுப் பையன் எழுதியது. 1970இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், சைக்ளோஸ்டைல் செய்த ஒரு ரசிகர் பத்திரிகையில் 'ஆர்கானின் கண்' என்ற மாயாஜால வீரக் கதை வெளிவந்தது. எழுதிய ஜிம் தைஸுக்கு வயது 16. எழுத்துப் பிழைகள் மலிந்த கதை. அதில் விக்கிரகத்தின் ஒற்றைக் கண்ணாக ஒரு மரகதம் வருகிறது, சிவப்பு மரகதம். பத்திரிகையின் ஒரு பிரதி தாமஸ் ஸ்கார்ஷியா என்ற எழுத்தாளர் கைக்குப் போய், அங்கிருந்து நகல் நகலாகப் பரவியது. விஞ்ஞானப் புனைகதை மாநாடுகளில் இரவு நேரங்களில் உரக்க வாசிப்பார்கள். பிழைகளை அச்சிட்டபடியே உச்சரிக்க வேண்டும். சிரித்தால் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அறையின் அதே போட்டி. ஆனால் அந்த அறையின் இன்னொரு வழக்கம் இங்கே இல்லை. 1984இல் ஒரு வானொலிப் பேட்டியில் தைஸ், இந்தக் கேலி தன்னைப் புண்படுத்தியதாகச் சொன்னார்.

கதையில் ஓர் இடம். இருட்டுச் சிறையில் கிடக்கும் வீரன், தன்னைத் தாக்கிய எலியைக் கொன்று, அதன் இடுப்பெலும்பை ஆயுதமாக்கிக்கொள்கிறான். மாநாடுகளில் இங்கே பலத்த சிரிப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறையில் வேறு என்ன கிடைக்கும் என்று பையன் யோசித்திருக்கிறான். கதை முழுவதிலும் அவன் இரவல் சொற்களை விட்டுத் தானே இருட்டுக்குள் கைநீட்டித் துழாவிய இடம் இதுதான். சிவப்பு மரகதத்தை அடித்துவிட்டு, இந்த எலும்பை வைத்துக்கொள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அவன் எழுத்தாளனாகியிருப்பான் என்று நான் வாதிக்கவில்லை. வாசிக்கப்பட்டிருப்பான்.

சிறு குழுவாகக் கூடி, பிறர் எழுத்தை வாசித்துச் சிரிக்கும் சந்தோஷம் நமக்கும் தெரியாததல்ல. சிரிப்பு ஓய்ந்த பிறகு அங்கே வேறு ஏதாவது நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

சுற்றில் இருந்த நகல்களில் கதையின் கடைசிப் பக்கம் இல்லை. மூலப் பிரதியிலிருந்து எப்போதோ கழன்று விழுந்திருந்தது. முழுப் பிரதி ஒன்று 2005இல்தான் நியூ மெக்ஸிகோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. தைஸ் 2002இலேயே இறந்துபோனார். அத்தனை வருஷம் சிரித்தவர்களில் பெரும்பாலோர் கதையின் முடிவை வாசிக்காதவர்கள்.